மறைந்த கணித ஆசிரியை பெயரில் நினைவு உதவித்தொகை: 12 லட்சத்தை எப்படி அமைப்பது?

வெண்கட்டி (இழை தொடக்கம்)

ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். அரசு மேல்நிலைப்பள்ளியில் 30 ஆண்டுகளுக்கு மேல் கணிதம் நடத்திய ஆசிரியை காலமாகிவிட்டார். அவருடைய பெயரில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்பது கணவரின் விருப்பம். கையில் 12 லட்சம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அம்மாவின் சேமநல நிதியும் பணிக்கொடையும். மகன் துபாயில் வேலை, இந்தியப் பாஸ்போர்ட். மகள் கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார். இருவரும் பணம் போடத் தயார்.

கேள்விகள்: தனி அறக்கட்டளை பதிவு செய்யலாமா, கல்லூரியில் கட்டிவிடலாமா? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு, எவ்வளவு தர முடியும்? யாரைத் தேர்ந்தெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் அப்படியே அவரிடம் கொண்டு சேர்க்கிறேன்.

வரவுசெலவு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

வட்டி 6.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கும். அத்தனையையும் ஆண்டுதோறும் கொடுத்துவிட்டால் பத்தாம் ஆண்டிலும் மூலதனம் அதே 12 லட்சம்தான். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் அன்றைக்கு அதன் மதிப்பு இன்றைய 7.37 லட்சத்துக்குச் சமம். பழைய பள்ளி அறக்கட்டளைகள் இன்று 250 ரூபாய்ப் பரிசாகச் சுருங்கி நிற்பது இதனால்தான். யாரும் பணத்தைத் தின்னவில்லை, காலம் தின்றுவிட்டது.

வட்டியில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 26,000 ரூபாயை, மூலதனத்தோடு சேர்த்துவிட்டு 52,000 மட்டும் கொடுத்தால் பத்து ஆண்டில் மூலதனம் சுமார் 14.87 லட்சம் ஆகும். இன்றைய மதிப்பில் 9.13 லட்சம். தேய்மானம் குறைகிறது, நிற்கவில்லை. முழுதாக நிறுத்த வேண்டுமானால் மூலதனம் முதல் ஆண்டே 60,000 ஏற வேண்டும். 26,000 வட்டியிலிருந்து வந்துவிடும். மீதி 34,000 ரூபாயை யாராவது வெளியிலிருந்து போட வேண்டும். முன்னாள் மாணவர்கள் 34 பேர் ஆளுக்கு 1,000 போட்டால் தீர்ந்தது. ஆகவே தொடக்கத்திலேயே மாணவர் பட்டியல் ஒன்றைத் திரட்டுங்கள். ஐந்து ஆண்டு கழித்துத் தேடினால் பாதிப் பேரின் எண் மாறியிருக்கும்.

அடுத்தது வரிசைப் பிழை. ஒருவருக்குப் பட்டப்படிப்பின் மூன்று ஆண்டும் கொடுப்பது என்று முடிவு செய்தால், மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று பேர் பட்டியலில் இருப்பார்கள். 52,000 என்றால் ஆளுக்குச் சுமார் 17,300. முதலாண்டு உற்சாகத்தில் மூன்று முதலாண்டு மாணவர்களைச் சேர்த்துவிட்டால் அடுத்த இரண்டு ஆண்டும் புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது. ஆண்டுக்கு ஒருவர் என்று சேருங்கள். முதல் இரண்டு ஆண்டில் மிஞ்சுவது மூலதனத்துக்குப் போகட்டும்.

பத்திரநடை

வரவுசெலவு சார் சொன்ன கணக்குக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. பணம் யாருடையது?

சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் கணவர் நாமினியாக இருந்திருப்பார். நாமினி என்றால் பணத்தை வாங்கும் உரிமை பெற்றவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுடையது. உயில் இல்லாமல் இந்துப் பெண் ஒருவர் இறந்தால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி கணவர், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இங்கே மூன்றில் ஒரு பங்குதான் கணவருக்கு. (இறந்தவர் ஆணாக இருந்து அவருடைய தாய் உயிரோடிருந்தால் தாய்க்கும் பங்கு உண்டு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.) மகனும் மகளும் இன்று மனமுவந்து சம்மதிக்கலாம். ஆனால் அறத்துக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பின்னாளில் மனத்தாங்கல் வந்தால் அம்மாவின் பெயர்தான் நடுவில் கிடந்து அல்லாடும். அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டு, இரண்டு பிள்ளைகளும் தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். கனடாவில் உள்ளவரின் கையொப்பத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் செய்வித்து வாங்கலாம்.

"அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்றுதான் இருக்க வேண்டும். "அறக்கட்டளைக்குத் தருகிறேன்" என்று இருக்கக்கூடாது. காரணத்தை வெளிநாட்டுப் பண விஷயம் தெரிந்தவர் யாராவது வந்து சொல்வார்கள்.

இன்னொன்று. கணவரின் மருத்துவச் செலவுக்கும் வயதான காலத்துக்கும் தேவையானதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் இதில் போடச் சொல்லுங்கள். மீட்க முடியாத கொடை இது. துக்கம் ஆறாத முதல் சில மாதங்களில் கையெழுத்துப் போட வேண்டாம், ஓராண்டு நினைவு நாள்வரை பொறுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கடல்தாண்டி

அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பேச்சுவழக்கில் எஃப்.சி.ஆர்.ஏ. இதில் எந்த ஊரிலிருந்து பணம் வருகிறது என்பதைவிட, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே முக்கியம். துபாயில் இருக்கும் மகன் இந்தியக் குடிமகன். தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை மட்டும் கோப்பில் வையுங்கள். மகள் கனடாக் குடிமகள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் வெளிநாட்டவர்தான். சென்னை வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அம்மாவின் பணத்தில் அவருக்குள்ள பங்கை நேரே அறக்கட்டளைக்குத் தந்தாலும் அதே சிக்கல்.

அதை வாங்க வேண்டுமானால் அந்த அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் அறப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். 12 லட்ச ரூபாய் நினைவு நிதிக்கு இது தாங்காது.

உறவினருக்கு உறவினர் தருவது இதிலிருந்து விலக்கு. ஆண்டுக்கு 10 லட்சம்வரை அரசுக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை. அதனால்தான் பத்திரநடை ஐயா "அப்பாவுக்கு" என்று அழுத்திச் சொன்னார். ஆனால் மகள் ஆண்டுதோறும் அப்பாவுக்கு அனுப்ப, அப்பா மறுநாளே அதை அறக்கட்டளைக்கு மாற்றுவது என்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். அது சட்டத்தைச் சுற்றிப் போவதாகத்தான் தெரியும். மகளுக்கு நேரான வழி வேண்டுமென்றால், ஏற்கெனவே எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வைத்திருக்கும் கல்லூரியாகப் பார்த்து அதன் வழியே செய்யலாம்.

வெண்கட்டி

இந்தக் குடியுரிமை விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நன்றி. அப்படியானால் தனி அறக்கட்டளையா, கல்லூரியா?

வரவுசெலவு

என் கருத்து: 25, 30 லட்சத்துக்குக் கீழே தனி அறக்கட்டளை வேண்டாம். பத்திரம், பதிவு, பான், கணக்காயர் கட்டணம், ஆண்டுதோறும் படிவங்கள் என்று போனால் 78,000 ரூபாய் வட்டியில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நான் முன்னால் சொன்ன "மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து வை" என்பதும் தனி அறக்கட்டளையில் சுலபமில்லை. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். கேள்வியில்லாமல் சேர்த்து வைக்கக்கூடியது 15 விழுக்காடு, இங்கே 11,700 ரூபாய். அதற்கு மேல் சேர்க்கக் காரணம் காட்டிப் படிவம் கொடுக்க வேண்டும், அதற்கும் ஐந்து ஆண்டு வரம்பு உண்டு.

இருந்தாலும் தனி அறக்கட்டளைதான் என்று அவர் உறுதியாக இருந்தால் செய்யும் வரிசை முக்கியம். சிறு தொகையோடு, 5,000 அல்லது 10,000 போதும், பத்திரம் பதிவு செய்யுங்கள். அறக்கட்டளை பெயரில் பான், பிறகு வங்கிக் கணக்கு, தர்பன் தளத்தில் (தொண்டு அமைப்புகளுக்கான அரசு இணையதளம்) பதிவு, அதன் பிறகு 12ஏபி (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு) விண்ணப்பம். பதிவு கைக்கு வந்த பிறகே 12 லட்சத்தைப் போட வேண்டும். பதிவில்லாத அறக்கட்டளைக்குள் பெருந்தொகை போனால், ஈடின்றிப் பெற்ற பணம் என்று அதையே வருமானமாகக் கணக்கிடும் வில்லங்கம் வரும். பணத்தோடு "இது மூலதன நிதிக்கான கொடை" என்று கொடுப்பவர் கையெழுத்திட்ட கடிதமும் சேர வேண்டும்.

முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அறப்பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதத்துக்கு முன், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜூலையில் முதல் உதவித்தொகையைக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் ஜனவரியில் கெடு முடிந்துபோகும். நான் சொல்லும் 12ஏபி, 80ஜி எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் பிரிவு எண்கள் வேறு. கணக்காயரிடம் புதிய எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

80ஜி சலுகையை நம்பி முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்பதானால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை.

அலுவலக_மேசை

கல்லூரியில் கட்டுவது எளிது, ஆனால் காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடும் வேலை இல்லை அது. ஒரு ஒப்பந்தக் கடிதம் இரண்டு பிரதியில் வேண்டும். ஒன்று கல்லூரிக் கோப்பில், ஒன்று குடும்பத்திடம். அதில் இருக்க வேண்டியவை: நிதியின் பெயர், தொகை, எந்த வங்கியில் எந்தப் பெயரில் டெபாசிட், வட்டியில் எத்தனை பங்கு மூலதனத்துக்கு, தகுதி, தேர்வுக் குழுவில் யார், கொடுக்கும் மாதம், ஆண்டுதோறும் குடும்பத்துக்கு அனுப்பும் ஒரு பக்க அறிக்கை, கல்லூரி மூடினாலோ பெயர் மாறினாலோ பணம் எங்கே போகும் என்பது.

டெபாசிட் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். "முதல்வர், இன்ன கல்லூரி, இன்னார் நினைவு உதவித்தொகை நிதி" என்று. ஆளின் பெயரில் போட்டால் அவர் மாறுதலில் போனதும் பணம் முடங்கும். பதவிப் பெயரில் இருந்தாலும் முதல்வர் மாறும்போது வங்கியில் கையொப்பத்தை மாற்ற வேண்டும். அதை யாரும் நினைவில் வைத்துச் செய்வதில்லை. ஒப்பந்தத்திலேயே "புதிய முதல்வர் பொறுப்பேற்ற 30 நாளுக்குள்" என்று ஒரு வரி போடுங்கள்.

கல்லூரிப் பொதுக் கணக்கோடு கலக்க விடாதீர்கள். கலந்தால் தணிக்கையின்போது எது யாருடையது என்றே பிரிக்க முடியாது.

அம்மா வேலை பார்த்த அரசுப் பள்ளியிலேயே செய்ய விருப்பம் என்றால், தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதி ஒப்புதலைக் கையில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் இருந்தால் நல்லது. குழு மாறினாலும் தீர்மானப் புத்தகம் மாறாது.

வைப்புநிதி

டெபாசிட் போடுவதில் சில நுணுக்கங்கள்.

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம்வரைதான் (2020 பிப்ரவரி முதல்). 12 லட்சத்தை மூன்று வங்கிகளில் நான்கு நான்கு லட்சமாகப் போட்டால் முழுதும் அதற்குள் அடங்கும். மூன்று ரசீதைப் பராமரிக்க முடியாது என்றால் பொதுத்துறை வங்கி ஒன்றில் போடுங்கள்.

முதிர்வுத் தேதியை மே மாதத்தில் வையுங்கள். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் அப்போதுதான். வட்டி ஆண்டுக்கு ஒருமுறை, தனிச் சேமிப்புக் கணக்குக்கு. "அசலை மட்டும் தானாகப் புதுப்பி" என்று எழுத்தில் கொடுங்கள். வட்டியும் சேர்த்துப் புதுப்பிக்கும்படி விட்டுவிட்டால் ஜூலையில் கையில் காசு இருக்காது. புதுப்பிக்கச் சொல்லவே இல்லையென்றால் முதிர்ந்த பிறகு சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இரண்டில் குறைந்ததுதான் தருவார்கள்.

பத்து ஆண்டு யாரும் கேட்காமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். மீட்கலாம், ஆனால் அலைச்சல். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடும் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தது போல இணைப்புகள் வரும்போது கிளையின் பெயர், ஐ.எஃப்.எஸ்.சி. எண் எல்லாம் மாறும். பழைய ரசீதை மட்டும் பீரோவில் வைத்திருக்கும் நிதிகள் அப்போதுதான் தொலைகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சான்று வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

வரிப் பிடித்தத்தையும் கவனிக்க வேண்டும். டெபாசிட் கணவரின் பான் எண்ணில் இருந்தால் வட்டி முழுதும் அவருடைய வருமானம். ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரி கட்ட நேரும், கொடுத்தது மாணவருக்கு என்று சொன்னாலும் எடுபடாது.

கரும்பலகை

பணத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். யாருக்கு என்பதில்தான் அந்த ஆசிரியை இருக்கிறார்.

"முதல் மதிப்பெண் எடுத்தவருக்கு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒரு பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் எல்லாப் பரிசும் அந்த ஒரே பிள்ளைக்குத்தான் போகும். இன்னொன்று சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கணித ஆசிரியைக்கு நினைவு நிதி என்றால் என் யோசனை இது: பிளஸ் டூ காலாண்டுத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடையில் கணிதத்தில் அதிகம் முன்னேறியவர், பொதுத்தேர்வில் கணிதத்தில் 100க்கு 60ஆவது எடுத்தவர், மேற்படிப்பில் சேர்ந்தவர். காலாண்டில் 35 எடுத்துப் பொதுத்தேர்வில் 70 தொட்ட பிள்ளைக்குப் பின்னால் ஒரு வாத்தியாரின் உழைப்பு இருக்கும். காலாண்டு மதிப்பெண் பதிவேட்டை அந்தத் தேர்வு முடிந்த கையோடு நகலெடுத்துத் தேர்வுக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு கேட்டால் திருத்தினார்கள் என்ற பேச்சு வரும்.

நலிந்த குடும்பமா என்று பார்க்க வட்டாட்சியரின் வருமானச் சான்று ஒன்று போதும். அதுவும் இ-சேவையில் வாங்க நாளாகும் என்பதால் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சேர்க்கைச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அவ்வளவுதான். எட்டுச் சான்றிதழ் கேட்டால் அலையத் தெம்பில்லாத பிள்ளைதான் முதலில் விலகும், நாம் தேடுவதும் அந்தப் பிள்ளையைத்தான்.

அரசு ஏற்கெனவே கொடுப்பதையும் பார்த்து இடைவெளியைப் பிடியுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024), இரண்டிலும் மாதம் 1,000. தொழிற்படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு அரசே கல்விக் கட்டணம் கட்டுகிறது. ஆகவே கட்டணத்துக்கு என்று கொடுத்தால் பல பேருக்குத் தேவைப்படாது. விடுதி முன்பணம், மெஸ் முன்பணம், முதல் பேருந்துப் பயணம், கால்குலேட்டர், ஆய்வகக் கோட்டு, தேர்வுக் கட்டணம், இவைதான் ஜூலை மாதத்தில் ஒரு வீட்டை உலுக்கும். சில அரசு உதவித்தொகைகளில் "வேறு உதவித்தொகை பெறவில்லை" என்று உறுதிமொழி உண்டு. அப்படிப்பட்ட மாணவருக்கு நம் பணத்தைக் கொடுத்து அதை இழக்கச் செய்துவிடக்கூடாது. முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கொடுப்பது வழக்கம். அதற்குள் அந்தப் பிள்ளை வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கும், அல்லது படிப்பை விட்டிருக்கும். முதல் தவணை ஜூலையில், இரண்டாவது ஜனவரியில். விழா வேண்டுமென்றால் பிறகு நடத்துங்கள், அதையும் செப்டம்பர் 5 அன்று வைக்காதீர்கள். நல்லாசிரியர் விருது நாளில் ஆசிரியர்களும் அதிகாரிகளும் வேறெங்கோ இருப்பார்கள்.

பத்திரநடை

கரும்பலகை ஐயா சொன்ன தகுதியைப் பத்திரத்தின் உள்ளே எழுத வேண்டாம். பின்னிணைப்பில் எழுதி, "குழு மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோடு மாற்றலாம்" என்று விடுங்கள். பத்திரத்தில் நோக்கம் மட்டும்: "பொருளாதாரத்தில் நலிந்த மாணவர்களின் கல்விக்கு உதவுவது, கணிதம் கற்பவர்களுக்கு முன்னுரிமை". ஏனென்றால் "1200க்கு 1000 எடுத்தவர்" என்று எழுதிய நிதிகள் 2019 பொதுத்தேர்வில் மொத்தம் 600 ஆனதும் திணறின. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்தவர்களுக்கு அந்தத் தேர்வே இப்போது இல்லை. பத்திரத்தில் இருந்தால் திருத்த நீதிமன்றம்வரை போக நேரும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் அந்தச் செலவுக்கு நான்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்.

சாதி, மதம் குறித்த நிபந்தனை போட்டால் வரி விலக்கு போகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு என்று வைக்கலாம், அதற்குச் சட்டத்திலேயே விளக்கம் உண்டு. குடும்ப உறவினர் பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட இதிலிருந்து போகக்கூடாது.

தனி அறக்கட்டளையானால் அறங்காவலர் மூன்று அல்லது ஐந்து பேர், ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே. அம்மா பணியாற்றிய பள்ளியின் தலைமையாசிரியரைப் பதவி வழி உறுப்பினராகச் சேருங்கள். கணவருக்குப் பிறகு நிர்வாக அறங்காவலர் யார் என்று பெயரோடு எழுத வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் நிறுவியவர் மறைந்த அடுத்த ஆண்டே நிதி ஊமையாகிவிடுகிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நிறுவுநர், அறங்காவலர்கள், இரண்டு சாட்சிகள், எல்லோருடைய ஆதார், பான், படம், அலுவலக முகவரிக்கான கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம். டோக்கன் இணையத்தில் முன்பதிவு. பத்திரத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுகிறீர்களோ அதே எழுத்துதான் பானிலும் வங்கியிலும் இருக்க வேண்டும். ஓர் இனிஷியல் இடம் மாறினால் மூன்று மாதம் போகும்.

வெண்கட்டி

அவர் இன்று கேட்டது: "நிரந்தரமாக இருக்க வேண்டும், என் காலத்துக்குப் பிறகும் அவள் பெயர் சொல்ல வேண்டும்." 52,000 என்பது அவருக்குக் குறைவாகப் படுகிறது.

வரவுசெலவு

அவர் மனதுக்கு இதமாக இருக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நிரந்தரம் ஒன்றுதான் வழி என்பதில்லை. 12 லட்சத்தைப் பத்து ஆண்டில் அசலோடு சேர்த்துச் செலவிட்டு முடிப்பது என்று வைத்தால், அதே 6.5 விழுக்காட்டில் முதலாண்டு 1.36 லட்சம் கொடுக்கலாம், ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்த்திக்கொண்டே போகலாம். 34,000 வீதம் நான்கு மாணவர் படிப்பார்கள். 17,300 ரூபாய் ஒரு பிள்ளையைப் படிப்பில் நிறுத்தி வைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். 34,000 பெரும்பாலும் வைக்கும்.

இப்படிச் செய்தால் எட்டாம் ஆண்டுக்குப் பிறகு புதியவரைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் மூன்றாம் ஆண்டுப் படிப்புக்கு வருமுன்பே பணம் தீர்ந்துவிடும்.

கரும்பலகை

இதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் ஒரு பெயர் 40 ஆண்டு தொடர்ந்து ஒலிப்பதற்கு ஒரு பலன் இருக்கிறது. யார் இந்த அம்மா என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்கும். பத்து ஆண்டில் முடிந்தால் அந்தக் கேள்வியும் முடியும்.

ஆனால் தொகை சிறிதாக இருந்தால் பெயர் மட்டும் ஒலிக்கும் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டாகப் பிரித்தால் என்ன? 4 லட்சத்தை நிரந்தரமாகப் பள்ளியில் வைத்து, அதன் வட்டியில் பிளஸ் டூ கணிதப் பிள்ளைகளுக்கு மாலைப் பயிற்சி, வினாவங்கி, கணிதக் கருவிப் பெட்டி. 8 லட்சத்தைப் பத்து ஆண்டுக்குக் கல்லூரிப் படிப்புக்கு.

வரவுசெலவு

8 லட்சத்துக்கு முதலாண்டு சுமார் 90,700 வரும். 30,000 வீதம் மூன்று பேர். பள்ளியில் வைக்கும் 4 லட்சத்துக்கு வட்டி 26,000, அதில் 8,000 ரூபாயைத் திரும்பச் சேர்த்தாலும் 18,000 செலவுக்கு இருக்கும். கரும்பலகை ஐயாவின் பிரிப்பு நன்றாகவே இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். முன்னாள் மாணவர்கள் தரும் பணம் எல்லாம் நிரந்தரப் பகுதிக்குப் போகட்டும். மூன்று மாணவர் என்பது ஒரே நேரத்தில் பட்டியலில் இருக்கும் மொத்த எண்ணிக்கை. முதலில் சொன்ன வரிசை இங்கேயும் பொருந்தும்.

அலுவலக_மேசை

பணம் அனுப்புவதில் இரண்டு வார்த்தை. மாணவரின் சொந்தக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், காசோலை வேண்டாம். பள்ளியில் தொடங்கிய கணக்குகள் இரண்டு ஆண்டு வரவு செலவில்லாமல் இருந்தால் செயலற்றதாகிவிடும், பணம் திரும்பி வரலாம். அதனால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பிச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத் தொகையை அனுப்புங்கள். கல்விச் செலவுக்குத் தரும் உதவித்தொகைக்கு மாணவர் வரி கட்ட வேண்டியதில்லை. வீட்டில் பயந்தால் சொல்லிவிடலாம்.

தேர்வான பிள்ளைகளின் மதிப்பெண், வருமானச் சான்று, சாதி விவரம் எதையும் வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுப்பதும் வேண்டாம். ஏழைப் பிள்ளை என்று ஊருக்குக் காட்டிய படம் இணையத்திலிருந்து போகவே போகாது.

வெண்கட்டி

இன்னொரு சிறு விஷயம். பெயர் எப்படி வைப்பது? கணவர் தன் பெயர் வேண்டாம் என்கிறார். பிள்ளைகளோ அம்மா, அப்பா இருவர் பெயரும் வேண்டும் என்கிறார்கள்.

கரும்பலகை

ஆசிரியையின் பெயர் முன்னால், "நினைவுக் கணித உதவித்தொகை" பின்னால். பிள்ளைகள் அவர்களை எப்படி அழைத்தார்களோ அந்தப் பெயர் இருக்கட்டும். "டீச்சர்" என்று அழைத்திருந்தால் அதையும் பெயரோடு சேர்க்கலாம், பதிவுக்கு அது தடையில்லை. கணவர் பெயர் நிறுவியவர் என்ற இடத்தில் பத்திரத்தில் தானாகவே வந்துவிடும்.

தேர்வாகும் பிள்ளைக்குப் பணத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். "தன்னலமற்ற", "ஒப்பற்ற" என்றெல்லாம் அடுக்க வேண்டாம். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தெந்தப் பள்ளி, எந்த வகுப்பு, வடிவியலை எப்படித் தொடங்குவார், தவறிய பிள்ளையை எத்தனை மணிவரை உட்கார வைப்பார், வீட்டில் விடைத்தாள் திருத்தும் இரவுகளில் கணவர் மதிப்பெண் கூட்டிக் கொடுத்தது உண்டானால் அதுவும். கணவரே உட்கார்ந்து எழுதட்டும். கூட வேலை பார்த்த இரண்டு ஆசிரியர்களிடம் ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணிப்பதிவேட்டு நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பிரதி பள்ளி நூலகத்தில், ஒன்று நிதிக் கோப்பில்.

வெண்கட்டி

4 லட்சம் பள்ளியில் நிரந்தரமாக, 8 லட்சம் கல்லூரியில் பத்து ஆண்டு, தனி அறக்கட்டளை இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மகன் பணம் நேரே, மகள் பங்கு அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கும் கடிதமாக. ஒப்பந்தத்தில் தகுதிக்கு இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறோம்: "இப்பள்ளியில் பயின்று, பொதுத்தேர்வில் கணிதத்தில் 60க்கு மேல் பெற்று, கல்லூரியில் கணிதம் எடுத்துப் படிக்கும் மாணவர்."

பத்திரநடை

மூன்று திருத்தம். "60க்கு மேல்" என்றால் 60 எடுத்தவர் வெளியே. "60 விழுக்காடும் அதற்கு மேலும்" என்று எழுதுங்கள், மொத்த மதிப்பெண் நாளை மாறினாலும் நிற்கும். "இப்பள்ளி" என்பதோடு "அல்லது இது இணைக்கப்படும், தரம் உயர்த்தப்படும் பள்ளி" என்று சேருங்கள். "கல்லூரியில் கணிதம் எடுத்து" என்றால் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிள்ளைக்கும், பி.காம். சேர்ந்து கணக்குப் பதிவியல் படிக்கும் பிள்ளைக்கும் கதவு அடைபடும். "கணிதத்துக்கு முன்னுரிமை" என்று மாற்றி, பின்னிணைப்புக்குக் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடும் முன் வரைவை ஒருமுறை இங்கே போடுங்கள், பார்த்துவிடுகிறேன்.